தூங்கினாளா, கண்ணை மூடியிருந்தாளா

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு வரவில்லை. என் தலையில் கட்டப்பட்டது. ஊர் திரும்பும் நாளில், விமான நிலையத்துக்குப் போகும் டாக்ஸியின் பின் சீட்டில் என் தோழிகள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். வழி நெடுகப் போட்டும் சண்டை தீரவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்தாற்போல என் பக்கம் திரும்பி, "நீதானே எழுதுறவ, எழுதித் தீர்த்து வை" என்றார்கள்.

நான் எழுதுகிறவள்தான். ஆனால் கதை எழுதுகிறவள் இல்லை. மிக்ஸியும் சலவை இயந்திரமும் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, பிரிக்காமலே அலமாரியில் போடுவீர்களே, அதை எழுதுகிறவள். அதனால்தான் தோழிகள் என்னைக் 'கையேடு' என்று கூப்பிடுகிறார்கள். எண் போட்டு எழுதியே பழகிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

பாலைவனத்தின் நடுவே எழுந்து நின்ற கண்ணாடிக் கோபுரங்கள் சூரியனை

[இங்கே நிறுத்திவிட்டேன். சூரியனை என்ன செய்தன? 'விழுங்கின' என்று எழுதக் கை போனது. நான் பார்த்தது வேறு. நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரில் இருந்த கோபுரம், வெயிலை அப்படியே வாங்கி எங்கள் பக்கம் திருப்பி அடித்தது. மதியம் ஆனதும் எங்கள் விடுதியில் எல்லா அறைகளிலும் திரை இழுத்துவிட்டார்கள். இவ்வளவு செலவழித்துப் போய், ஊரைப் பார்க்காமல் திரைக்குள் உட்கார்ந்திருந்தோம்.]

இரண்டாவது தொடக்கம்:

டாக்டருக்குக் கழுத்தில் ஒரு கட்டி.

இது சரி. கதை இங்கேதான் தொடங்குகிறது.

3

டாக்டர், கத்திரி, நான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். கத்திரி இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். டாக்டர், அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று அவளைக் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறேன். நாம் நினைப்பது போல அது வெறும் தூக்கம் இல்லையாம். பெரிய ஆபரேஷன் என்றால், மருந்து உள்ளே போன சற்று நேரத்தில் நோயாளியின் மூச்சே நின்றுவிடும். அதற்கப்புறம் அவருக்காக மூச்சு விடுவது டாக்டரின் பொறுப்பு. "அவங்க மூச்சை நான் வாங்கி வச்சுக்குவேன். வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவேன்" என்பாள், கடன் வாங்கிய குடையைப் பற்றிப் பேசுவது போல.

இப்போது அவள் கழுத்தில் கட்டி. ஊசி வைத்து எடுத்துச் சோதித்ததில் சந்தேகம் என்று வந்தது. தள்ளிப்போடாதீர்கள், எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். டாக்டர் ஒரு தடவை கருத்தரங்கு என்று தள்ளிப்போட்டாள். அடுத்த தடவை மகளுக்குத் தேர்வு என்றாள்.

"கத்திக்குப் பயமாடி?" என்று கேட்டாள் கத்திரி.

"கத்தி என்ன பண்ணும்? அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இருக்கு. மூச்சு நின்னு, குழாய் போடற வரைக்கும். அந்த நிமிஷத்துல அந்த உடம்புக்கு யாருமே இல்ல, நான் மட்டும்தான். எனக்கு அந்த 'நான்' யாருடி?"

அந்தக் கண்ணாடிக் கோபுர ஊருக்குப் பயணச் சீட்டு எடுத்தோம். பதில் தெரியாத இடத்தில் நாங்கள் மூவரும் எப்போதும் செய்வது அதுதான்.

வானத்திலிருந்து குதிக்கும் யோசனை டாக்டருடையது. அந்த ஊரில் அது பெரிய கேளிக்கை. தெரியாத ஒருவரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அவர் குதித்தால் நாமும் குதித்த மாதிரி. அவளே ஒரு பந்தயமும் வைத்தாள்: "முன்னப்பின்ன தெரியாதவங்க கையில என்னை முழுசா ஒப்படைக்க முடியுதான்னு பாக்கறேன். முடிஞ்சா ஆபரேஷன். முடியலன்னா நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

"சரி" என்றோம். இப்படி ஒரு பந்தயத்துக்குச் சரி சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளிடம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

4

ஊரைப் பற்றி ஒரு பத்தியாவது வேண்டும். பாட்டுக்கு ஆடும் நீரூற்று பார்த்தோம். நாற்பது டிகிரி வெயிலில், ஒரு வணிக வளாகத்துக்குள் பனிச்சறுக்குத் தளம் பார்த்தோம்.

குறிப்பு: அந்தப் பனி உருகாததற்குக் காரணம் தளத்துக்குக் கீழே ஓடும் குழாய்கள். அவற்றில் உறையாத குளிர்திரவம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே விளையாடுகிறவர்களுக்குக் கீழே இத்தனை குழாய் ஓடுவது தெரியாது. (இதைப் பத்து நிமிடம் விளக்கினேன். கத்திரி ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள்.)

5

மணலுக்கு நடுவே ஓடுபாதை; பக்கத்தில் ஒரு பெரிய கொட்டகை. டாக்டரும் கத்திரியும் குதிப்பது, நான் கைப்பைகளுக்குக் காவல் இருப்பது என்று ஏற்பாடு. எனக்குப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்; அதில் தொங்க வேண்டிய அவசியம் இல்லை.

உடம்பில் மாட்டும் பட்டைகளைக் கத்திரி கையில் வாங்கித் தையலைத் தடவினாள். "கட்டம் போட்டு, நடுவுல பெருக்கல் குறி மாதிரி தச்சிருக்கான். மூலையில எல்லாம் திருப்பி ஓட்டியிருக்கான். பட்டை அறுந்தாத்தான் உண்டு, தையல் பிரியாது."

"பட்டை அறுந்தாவா?" என்றேன்.

"நீ பையைப் புடி."

டாக்டரோடு குதிக்க வந்தவருக்கு மார்பு வரை தாடி. ஆகவே அவர் தாடி. அவருக்குத் தமிழ் தெரியாது. இந்தக் கதைக்குள் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பட்டைகளைக் காட்டினார்: தோளில் இரண்டு கொக்கி, இடுப்பில் இரண்டு. நான்கையும் மாட்டிவிட்டால் இரண்டு உடம்பும் ஒரே உடம்பு.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில."

"ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா? அலர்ஜி உண்டா?"

தாடி சிரித்துவிட்டார். "நான் கேக்க வேண்டியதெல்லாம் நீங்க கேக்கறீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆளுங்களைத் தூங்க வைக்கிற வேலை."

"ஓ, காலேஜ் புரொபசரா?"

கத்திரி சிரித்த சிரிப்பில் அவளைக் குதிக்க விடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

6

இனி நான் முதலில் எழுதிய வரைவு:

கதவு திறந்தது. காற்று கர்ஜித்தது. கீழே பாலைவனம் ஒரு மஞ்சள் கம்பளமாய் விரிந்து கிடந்தது. டாக்டர் கண்களை மூடினாள். ஒரு கணம். பிறகு தன் பயத்தை எல்லாம் விமானத்திலேயே விட்டுவிட்டு, ஒரு பறவையைப் போல

இதை டாக்டருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பறவையாம் பறவை. ஏன்டி பொய் எழுதுற?"

"கதைன்னா கொஞ்சம்…"

"மிக்ஸி ஓடலன்னா ஓடுச்சுன்னு எழுதுவியா?"

வரைவை அழிக்காமல் மேலே விட்டிருக்கிறேன். அவள் சொன்னது சரி என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

7

நடந்தது இது. பாதி நான் கீழே நின்று பார்த்தது. மீதி டாக்டரும் தாடியும் சொன்னது.

விமானம் ஒரு பொட்டாகும் வரை ஏறியது. கத்திரி முதலில் குதித்தாள். அவள் பாராசூட் விரிந்தது. (விரிந்தபின் அது குடை இல்லை, இறக்கை. துணி அறைகளுக்குள் காற்று புகுந்து விறைத்து நிற்கும். அப்படியே மிதந்து வரலாம், திருப்பலாம்.) கத்திரியின் அலறல் இறக்கைக்கு முன்னால் தரைக்கு வந்தது. அடுத்த பாராசூட்டுக்காக அண்ணாந்து பார்த்தேன். வரவில்லை. இன்னும் பார்த்தேன். கழுத்து வலித்தது. வரவில்லை.

மேலே, டாக்டரும் தாடியும் கதவு விளிம்புக்கு வந்துவிட்டார்கள். அவள் கால்கள் வெளியே தொங்குகின்றன. குதிக்கும்போது உடம்பு வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும், தலை முன்னால் தொங்கக் கூடாது. அதனால் பின்னால் இருப்பவர் நம் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வார். எல்லோருக்கும் செய்வதுதான். தாடி உள்ளங்கையை டாக்டரின் நெற்றியில் வைத்து, மெதுவாகப் பின்னால் சாய்த்தார்.

இந்த ஓர் அசைவை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மயக்க மருந்து கொடுத்ததும் டாக்டர் முதலில் செய்வது இதுதான்: நோயாளியின் நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பது, மூச்சுவழி திறக்க. அதே இடம், அதே அழுத்தம். வாழ்நாள் எல்லாம் அவள் கை மற்றவர்களுக்குச் செய்ததை, முதல் தடவையாக வேறு ஒரு கை அவளுக்குச் செய்தது. அடுத்து என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம்" என்றாள்.

தாடி ஏன் என்று கேட்கவில்லை. கால்களை உள்ளே எடுக்கச் சொன்னார். குதிப்பதைப் படமெடுக்கத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த கேமராவை நிறுத்தினார். கதவை மூடினார்.

குறிப்பு: இது நீளமான குறிப்பு, ஆனால் தாண்டிவிடாதீர்கள். பாராசூட் பைக்குள் கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கிறது. காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருப்பது அதன் வேலை. தரை நெருங்கியும் வேகம் குறையவில்லை என்றால், மேலே இருப்பவர்களுக்கு நினைவு தப்பிவிட்டது என்று அதுவே முடிவு செய்து, மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். அதற்குத் தெரிந்தது வேகம் மட்டும். தான் இருப்பது விமானத்துக்குள் என்று அதற்குத் தெரியாது. எல்லோரும் குதித்துவிட்டால் விமானி அடுத்த ஆட்களை ஏற்ற மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு சரசரவென்று இறங்கிவிடுவார். குதிக்காதவர் உள்ளே இருந்தால் அப்படி இறங்க முடியாது. பைக்குள் இருக்கும் கருவியை ஏமாற்றாமல், வட்டம் போட்டு வட்டம் போட்டு, நிதானமாக வர வேண்டும்.

ஆகவே, ஒருத்திக்காக ஒரு விமானம் மெதுவாக இறங்கியது.

8

விமானம் தரையில் நின்று கதவு திறந்ததும் நான் ஓடினேன். தாடி உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா. இப்பதான் எழுந்தாங்க."

"யாரு எழுந்தா?" என்றாள் டாக்டர். குதிப்பதற்காக மாட்டிய கண்ணாடியின் தடம் முகத்தில் சிவப்பாக இருந்தது. "கண்ணை மூடியிருந்தேன்."

"என் தோள்லதான் படுத்திருந்தீங்க. குறட்டைகூட விட்டீங்க."

"அது இன்ஜின்."

கத்திரி அதற்குள் வந்துவிட்டாள். தாடியின் தோள்பட்டையைத் துணி பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்தாள். "ஈரமா இருக்கே?"

"வேர்வை" என்றாள் டாக்டர்.

"ஒரு ஓரத்துல மட்டும் வேர்க்குமா? எச்சில்டி இது!"

டாக்டர் போய்த் தண்ணீர் குடித்தாள். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஹோட்டல் அறையில் இரவு எந்நேரம் நான் புரண்டு படுத்தாலும் பக்கத்துக் கட்டிலில் அவள் கண் திறந்திருக்கும்.

டாக்ஸியில் சண்டை இதுதான்.

"முன்னப்பின்ன தெரியாதவர் மேல சாஞ்சு தூங்கினா, ஒப்படைச்ச மாதிரிதானே? பந்தயத்துல ஜெயிச்சுட்ட. தேதி வாங்கு" என்றாள் கத்திரி.

"குதிக்கல. வேண்டாம்னு சொன்னேன். தோத்துட்டேன். விடு."

"குதிக்கணும்னு பந்தயத்துல எங்க இருந்துச்சு? ஒப்படைக்கணும்னுதானே சொன்ன?"

"தூங்கவே இல்லைங்கறேன்."

நான் நடுவில் நுழைந்தேன். எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "ஒருத்தங்க தூங்கறாங்களா, கண்ணை மூடியிருக்காங்களான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

டாக்டர் வேலை ஞாபகத்தில் சட்டென்று சொன்னாள். "தாடையைப் பாக்கணும். முழிச்சிருக்கறவங்க தெரியாமலே தாடையைப் புடிச்சு வச்சிருப்பாங்க. தூங்கினா விட்டுருவாங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என் தாடையை யாரும் பாக்கல."

அது உண்மை. தாடி அவளுக்குப் பின்னால் இருந்தார். கேமராவை நிறுத்தியிருந்தார். அது அவருடைய மரியாதை. கதை எழுதுகிறவளுக்குத்தான் இடைஞ்சல்.

9

இதுவரை எழுதி டாக்டருக்கு மறுபடி அனுப்பினேன். நேற்றுப் போன் செய்தாள்.

"முடிவு எங்கடி?"

"நீதான் சொல்லணும்."

"நீயே எழுது. தூங்கினான்னு எழுதினா தேதி வாங்கறேன். தூங்கலன்னு எழுதினா இந்தப் பேச்சை இதோட விட்ரலாம். உன் கையிலதான் இருக்கு."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. குரல் எனக்குத் தெரியும்.

முடிவு அ: அவள் தூங்கினாள். வட்டமிட்டு இறங்கும் விமானத்தில், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு மனிதரின் தோளில்

[நிறுத்திவிட்டேன். இது எனக்கு வேண்டிய முடிவு. எனக்கு வேண்டும் என்பதற்காக எழுதினால் பறவைக் கதைதான்.]

முடிவு ஆ: அவள் தூங்கவில்லை.

[இதை எழுதக் கை வரவில்லை.]

வாசகர்களே, உங்களிடம் விட்டால் நீங்கள் எல்லோரும் கத்திரி கட்சிதான். ஈரம், குறட்டை, தாடியின் சாட்சி என்று அடுக்குவீர்கள். நானும் அதே கட்சிதான். ஆனால் நாம் எல்லோரும் சேர்ந்து கை தூக்கி அவளைத் தூங்க வைத்தால், அது ஒப்படைப்பு ஆகாது. நாம் அவளைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகும். தாடிகூட அவளைத் தள்ளவில்லை.

எனவே ஓர் உதவி செய்யுங்கள். இதற்குக் கீழே இருப்பது அவளுக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

10

டாக்டர், கத்திரி உனக்கு இரவுச்சட்டைகள் தைத்து வைத்திருக்கிறாள். எல்லாம் முன்பக்கம் திறப்பு. தலை வழியாக எதையும் மாட்ட வேண்டாம், கழுத்தில் எதுவும் உரசாது. நீ தேதி வாங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். கேட்டால், "வீட்டுல சும்மா போட்டுக்கட்டும்" என்கிறாள். நீ எது எழுதினாலும் அந்தச் சட்டைகள் உனக்குத்தான். தூங்கவில்லை என்று எழுதினால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். அப்படித்தானே பந்தயம்.

யாரும் உன் தாடையைப் பார்க்கவில்லை என்றாய். உள்ளே இருந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நீ. விட்டாயா இல்லையா என்று உனக்குத் தெரியும். வாக்கியத்தை நான் ஆரம்பித்து வைக்கிறேன், முடிக்க வேண்டியவள் நீ. நம் மொழியில் ஒரு வசதி, வினைச்சொல் கடைசியில்தான் வரும், அவசரம் இல்லை.

மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த அந்த விமானத்தில், நான்