ஒரு செடிக்கு இரண்டு பேர்

1

இந்தக் கதை சிங்கப்பூரில், கிராஞ்சியில் ஒரு நர்சரியில் எனக்கு ஓசியில் கிடைத்தது. பிடோக்கில் என் அடுக்குமாடி வீட்டு வாசலில் வைக்க ஒரு தொட்டி வாங்கப் போயிருந்தேன். ஐந்து இதழ், இளஞ்சிவப்புப் பூ. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி அதை நித்தியகல்யாணி என்றாள். மற்றவள் முகத்தைச் சுளித்தாள். "சுடுகாட்டு மல்லியாச்சே அது! வாசல்ல வைக்கவே கூடாது." இருவர் சொன்னதும் சரிதான். தமிழில் அந்தச் செடிக்கு இரண்டு பேரும் உண்டு. நான் செடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீடு வருவதற்குள் பாக்கியலட்சுமி என்று ஒருத்தி பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1959. தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், கணவனை இழந்த பாக்கியலட்சுமி, தனக்கு மறுக்கப்பட்ட வண்ணங்களையெல்லாம் மண்ணில் விதைத்து –

வேண்டாம். வெள்ளைப் புடவை, வண்ணப் பூ. இதை எழுத நான் எதற்கு? தவிர, புருஷன் இருக்கிறானா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுவது அநியாயம்.

2 (மறுபடியும்)

துறைமுகத்தில் வேலை பார்த்த கோவிந்தசாமி, அம்மாவுக்கு முடியவில்லை என்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறி மூன்று வருடம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததாகச் சொல்லி அனுப்பினான். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. பாக்கியலட்சுமி சிராங்கூன் ரோட்டுத் தையல்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். வயிறு பெரிய பிரச்சினையாக இல்லை. காலையில் கண்ணாடிதான் பிரச்சினை. குங்குமத்தைத் தொட்ட விரல் நெற்றிக்குப் போகும் வழியில் நின்றுவிடும். வைத்தால் பொய்யோ? வைக்காவிட்டால் அவனை நானே கொன்றதாகிவிடுமோ?

தெருவில் யாரும் அவளை ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் விசேஷ வீடுகளில் வெற்றிலை பாக்குத் தட்டு அவள் முன்னால் வந்ததும் சற்றே நின்று, பிறகுதான் நீளும். தட்டு அப்படி நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. எழுதும்போது எனக்கும் முடியவில்லை.

3

தோட்டத்தை எப்போது ஆரம்பித்தாள் என்று கேட்காதீர்கள். ஒருநாள் பெட்டியிலிருந்து கூறைப்புடவையை எடுத்து, வாசல் மண்ணில் பாய் போட்டு அதன்மேல் விரித்தாள். பூப்பாத்தி போட அவளுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்: உடல், கரை, முந்தானை. சுவரை ஒட்டி உடல், அரக்குச் சிவப்பில் கோழிக்கொண்டை. இரண்டு பக்கமும் கரை, வாடாமல்லி. கேட்டை ஒட்டி முந்தானை.

[உயரமான செடி சுவரோரம், குட்டைச் செடி முன்னால் என்பது தோட்டம் போடுகிறவர்களின் பாலபாடம். அவள் செடியும் தற்செயலாக அப்படியே அமைந்தது. நம் கதாநாயகிக்கு நானும் ஏதாவது நல்லது செய்யவேண்டாமா?]

கள்ளுக்கடைக்குப் பின்னால் கிடந்த காலிப் போத்தல்களைக் கழுவி, தலைகீழாகப் புதைத்துப் பாத்திக்கு ஓரம் கட்டினாள். வெயில் பட்டால் பச்சையாக மின்னும், ஜரிகை மாதிரி. முந்தானைக்கு மட்டும் மண்ணில் மணல் கலந்தாள். இந்த ஊர் மழையில் தண்ணீர் தேங்கினால் அந்தச் செடி அழுகிவிடும். அங்கே நட்டது நித்தியகல்யாணி. பேருக்காகவே நட்டாள். என்றும் கல்யாணமானவள். அவன் கேட்டைத் திறந்ததும் காலடியில் முதலில் அதுதான் தெரியவேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்பே எல்லாம் பூத்துவிட்டது. சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தச் சில நாள்கள் கண்ணாடி முன்னால் அவள் விரல் நிற்கவில்லை.

(இங்கேயே கதையை முடித்துவிடலாமா என்று யோசித்தேன். உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

4

பக்கத்து வீட்டு அந்தோனியம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள், கேட்டருகே நின்றாள். கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பாக்கியம், இந்தச் சுடுகாட்டு மல்லி நாலு செடி குடேன். எங்க வீட்டுக்காரரு கல்லறையில நட்டு வைக்கிறேன். பிடாடாரி கல்லறைத் தோட்டத்துல மண்ணு காஞ்சு கெடக்கு."

"எந்த மல்லிக்கா?"

"இதுதான், வாசல்ல வச்சிருக்கியே. எங்க ஊர்ல கல்லறைக்குக் கல்லறை தானா மொளைக்கும். யாரும் தண்ணி ஊத்தவேண்டியதில்ல."

"இது நித்தியகல்யாணிக்கா."

"ஏதோ ஒரு பேரு. செடி ஒண்ணுதான?"

பாக்கியலட்சுமி நாலு செடியை வேர் மண்ணோடு எடுத்து இலையில் சுற்றிக் கொடுத்தாள். அந்தோனியம்மாள் மனசில் கள்ளமில்லை. அவளுக்கு யாருக்காக நடுகிறோம் என்பது நிச்சயமாகத் தெரியும். பாக்கியலட்சுமி அதற்காகவே அவள்மேல் பொறாமைப்பட்டாள். பிறகு, விதவையைப் பார்த்துப் பொறாமைப்பட்டோமே என்று பதறினாள்.

சாயங்காலம் மண்வெட்டியோடு முந்தானைப் பாத்தியருகே போனாள். பிடுங்கினால் அந்தப் பேரை நம்பினதாகிவிடும். விட்டுவைத்தால் தினமும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்

[இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். உள்ளே போய் அவள் என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.]

5

மளிகைக்கடை நெய்னா முகம்மது நாகூருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். போகும்போது, என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்து வாருங்கள் என்று அவள் கெஞ்சியிருந்தாள். கடைக்குக்கூடப் போகாமல் நேரே அவள் வீட்டுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே நின்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உக்காந்துக்க தங்கச்சி. ஒரு சேதி."

சேதியை மூன்று விதமாக எழுதினேன்.

ஒன்றில் அவர் சொல்கிறார்: "நல்லாத்தான் இருக்காரு. அங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டாரு. புள்ளையும் இருக்கு." பாக்கியலட்சுமி தனக்கு இல்லாதவனுக்காகக் கடைசிவரை பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றில்: "போன வருசமே தவறிட்டாரும்மா. காய்ச்சல்." பொழுது சாய்வதற்குள் தெருப் பெண்கள் வந்து அவள் நெற்றியை வெறுமையாக்கிவிடுவார்கள்.

மூன்றாவதில் நெய்னா முகம்மதுக்குப் பின்னாலேயே கோவிந்தசாமி பெட்டியோடு நிற்கிறான். பூவைப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான். அவன் வாயில் வைக்க என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. தான் வந்து நிற்பதே பொய் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு. இரண்டிலும் அவள் அழுகிறாள். எது குறைந்த வலி என்று எண்ணிப் பார்த்து எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

6

பாக்கியலட்சுமி உட்காரவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய், சேதி அப்புறம். மொதல்ல ஒண்ணு கேக்கிறேன், சொல்லுங்க. உங்க காலுக்குக் கீழ இருக்கே, இந்தப் பூவுக்கு உங்க ஊர்ப் பக்கத்துல என்ன பேரு?"

நெய்னா முகம்மது குனிந்து பார்த்தார். அவள் சேதியைத்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் வாயில் நான் எந்தப் பேரையும் வைக்கப் போவதில்லை. உங்கள் வீட்டில் இந்தப் பூவுக்கு என்ன பேரோ, அதையே அவர் சொல்லட்டும். நித்தியகல்யாணி என்றால் அவன் எங்கோ ஒருத்தியோடு உயிரோடு இருக்கிறான். சுடுகாட்டு மல்லி என்றால் இல்லை.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.