ஒரேயொரு ஆட்சேபணை

விஜயரத்தினம் பதினான்கு வருடமாகப் ஜெர்மனியில் பழமைவாதக் கட்சியின் வுப்பர்டால் நகரக் கிளையில் இருக்கிறார். தமிழ்ச் சங்கத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். தன் கட்சிக்குக் குடும்பம், ஒழுங்கு, வரி, தேவாலயம். வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும் தீவிர வலதுசாரிக் கட்சிக்குத் தோலின் நிறம் மட்டும்தான் கொள்கை. இரண்டையும் ஒரே சட்டியில் போடக்கூடாது. இந்த வாதத்தால், சட்டம் படிக்கும் மகள் கம்சனாவுடன் மாதக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறார்.

இந்த வருடம் அந்தப்பக்கத்து ஆள் ஒருவன் இங்கே சேர விண்ணப்பித்தான். பெயர் ஹார்ட்விக். கடவுச்சீட்டு ஒருவனை ஜெர்மானியன் ஆக்காது, இரத்தம்தான் ஆக்கும் என்று துண்டுப்பிரசுரம் எழுதியவன். வேறு கட்சியிலிருந்து வருபவனைச் சேர்ப்பதென்றால் நிர்வாகக் குழுவில் ஒருவர்கூட ஆட்சேபிக்கக் கூடாது. அது கிளையின் விதி. விஜயரத்தினமும் அந்தக் குழுவில் ஒருவர்; ஆட்சேபிக்கப்போவது யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

தலைவர் கெட்டிக்காரர். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு ஹார்ட்விக்கைக் கூட்டிக்கொண்டு நேரே விஜயரத்தினத்தின் வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி ஜெயமலர் இடியப்பமும் சொதியும் வைத்தாள். ஹார்ட்விக் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் தின்றான். இன்னொரு தரமும் கேட்டு வாங்கினான். பிரசுரத்தைப் பற்றி விஜயரத்தினம் கேட்டார். அது உங்களைப் போன்றவர்களைச் சொன்னதல்ல என்றான். அந்த வசனம் அவருக்குப் பழக்கமானது. சிரியாக்காரரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவரும் சங்கத்தில் அதையேதான் சொல்லி வந்தார்: எங்களைச் சொல்லவில்லை, இப்போது வந்தவர்களைத்தான்.

அவர்கள் போனபின் கம்சனா கேட்டாள்.

"அப்பா, செவ்வாய்க்கிழமை மறிப்பியளோ, மாட்டியளோ?"

"எங்கட வீட்டில கை நனைச்சவனுக்கு எதிரா எப்பிடிப் பிள்ளை கை உயர்த்துறது?"

"அவன் வந்து சாப்பிட்டதே அதுக்குத்தான்."

அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏலாமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார். மற்ற ஆறு பேரும் விஜயரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் கைகளை மேசைக்குக் கீழே கோத்து வைத்திருந்தார். தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

வெளியே ஹார்ட்விக்கோடு உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர் காத்திருந்தான். இனி உங்களுக்கும் அந்தக் கட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று தலைவரைக் கேட்டான். தலைவர் விஜயரத்தினத்தின் தோளில் கை வைத்து, ஹார்ட்விக்கின் பக்கத்தில் அரை அடி முன்னே நகர்த்தி நிறுத்தினார்.

கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார்.