நான்கு லிட்டர்

தராசு ரிப்பேர் செய்பவருக்குக் குடிநீர் ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான். காப்பியும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதற்குள் அடக்கம். சிறுநீரகங்கள் கைவிட்டு மூன்று வருடம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருமுறை கல்யாண வீட்டில் வெயில் தாங்காமல் மடமடவென்று குடித்தார். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, நான்கு நாள் ஐ.சி.யு.வில் கிடந்தார். அதன்பின் அளவு என்றால் அளவு.

அக்கா தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறாள். பொருத்தம் பார்த்தாயிற்று. கடைசிச் சோதனைகளில் மலத்தில் ரத்தம் தென்பட்டது.

"மூலமா இருக்கும் டாக்டர்."

"இருக்கலாம். ஆனா கிட்னி கெட்டவங்களுக்குக் குடல்ல புத்துநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு சில ஆய்வு சொல்லுது. புதுக் கிட்னி வெச்சா எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மாத்திரை தருவோம். உள்ள புத்து ஒளிஞ்சிருந்தா அதுக்குக் கொண்டாட்டம். கேமரா விட்டுப் பாத்துட்டுத்தான் ஆபரேஷன்."

நர்ஸ் குடலைக் கழுவும் பொடியைக் கொடுத்தாள்.

"நாலு லிட்டர் தண்ணியில கலக்கிக் குடிங்க. மிச்சம் வைக்காதீங்க."

எல்லோருக்கும் சொல்வதை இவருக்கும் ஒப்பித்துவிட்டாள் என்று அவர் முடிவு கட்டினார். வீட்டில் கலக்கி, எழுநூறு மில்லி அளந்து குடித்தார். மிச்சத்தைக் கழுவு தொட்டியில் ஊற்றினார். அக்கா போனில் கேட்டதற்கு, "ஆச்சு" என்றார்.

மறுநாள் குடல் சுத்தமாகாததால் கேமராவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"முழுசும் குடிச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"என் அளவுக்குக் குடிச்சேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அது உடம்புல சேராதுங்க. குடல் வழியா போய் அப்படியே வெளிய வந்துடும். உங்களுக்குன்னு பாத்துத்தான் அந்த மருந்தை எழுதினேன்."

அக்கா வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

"நான் கிட்னியையே தர்றேன்டா. நீ நாலு லிட்டர் தண்ணி குடிக்க மாட்டியா?"

"மறுபடியும் மூச்சு முட்டிடும்னு பயம்கா."

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றாள்.

அடுத்த வாரம் அவள் கழிப்பறைக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தார்.

"மூச்சு வருதா?"

"வருது."

"அப்ப அடுத்த டம்ளர்."

ஏழாவது டம்ளரில் அவர் எழுந்து ஓடினார். "ஓடு ராஜா ஓடு," என்றாள் அக்கா, அடுத்ததை ஊற்றியபடி.

இந்தமுறை குடல் பளிச்சென்று இருந்தது. வலப்பக்கத்தில் திராட்சை அளவில், காம்போடு ஒரு சதைக் கட்டி. அறுத்தெடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது.

"நுனியில புத்து ஆரம்பிச்சிருக்கு. காம்பு சுத்தமா இருக்கு. வெட்டி எடுத்ததே போதும்," என்றார் டாக்டர். "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும். அப்பவும் சுத்தமா இருந்தா கிட்னி வெச்சுடலாம்."

வெளியே வந்ததும் அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "ஆறு மாசம்கா. அதுக்குள்ள மனசு மாறிட மாட்டியே?"

"இன்னொரு நாலு லிட்டருக்குப் பயந்து நீ ஓடாம இரு, போதும்."

பெஞ்சில் உட்கார்ந்து, ஆபரேஷனுக்காக எழுதிவைத்திருந்த லீவு விண்ணப்பத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, முழங்காலில் வைத்து, பழைய தேதியை அடித்தாள். ஆறு மாதம் தள்ளி, மாதத்தை மட்டும் எழுதினாள்.