வெள்ளாப்புத் தண்ணி

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமா? புளியடிக் களப்பில் மீன் செத்து மிதந்த திங்கட்கிழமை, வெயில் ஏறும் முன்பே ஊர்வாய் முர்ஷித்தைக் கவ்விக்கொண்டது. முதல் நாள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு கடைசியாகத் தோணியைக் கரையேற்றியவன் அவன்தானாம். நஞ்சு போட்டு மீன் பிடித்தானாம். நஞ்சு போட்டவன் செத்த மீனை அள்ளாமல் விட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுப்பானா என்று கேட்க ஒருத்தருக்கும் புத்தி வரவில்லை. மணலை மீனும் இறாலும் கரை முழுக்க வெளுத்துக் கிடக்கும்போது, எவனையாவது பிடித்து உலுக்கினால்தான் மனுசனுக்கு மனம் ஆறும்.

மீன்பிடிச் சங்கத் தலைவரும் பெரிய வயல்காரருமான மஜீட் போடியார் தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முர்ஷித் பள்ளிவாசலில் சத்தியம் பண்ண வேண்டும். அதுவரை தோணி இறக்கக் கூடாது. சத்தியம் பண்ணாவிட்டால் சங்கத்தில் இடமில்லை.

"பண்ணுவன். நான் போடல்லயே, எனக்கென்ன பயம்?" என்றான் முர்ஷித், வீட்டுக்கு வந்து.

அவன் பெண்சாதி றுஸ்தா கல்முனையில் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர்.

"பண்ணுவீங்க. அடுத்த கிழமை மறுகாவும் மீன் சாகும். அப்ப என்ன சொல்லுவாங்க? அல்லாட வீட்டுல நிண்டு பொய்ச்சத்தியம் பண்ணின ஆள் எண்டுவாங்க. அந்தப் பேர் நாம மண்ணுக்குள்ள போற நாள், நம்மட மையித்தோடதான் போகும்."

"மறுகாவும் சாகுமெண்டு உனக்கெப்பிடித் தெரியும்?"

"தண்ணியப் பாத்தீங்களா? கீரை கடைஞ்ச மாதிரி இரிக்கி."

உண்மைதான். இரண்டு கிழமையாகக் களப்பு பச்சைப் பசேலென்று கிடந்தது. மழை குறைந்த சிறுபோகக் காலம், முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது, கடலுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. பச்சையைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோசம். வயலில் பச்சை பிடித்தால் விளைச்சல், களப்பில் பச்சை பிடித்தால் மீன் என்று கணக்குப் போட்டார்கள். 'தண்ணி கொழுத்திரிக்கி' என்று முர்ஷித்தே சொல்லிச் சிரித்தவன்தான்.

செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில். மீற்றரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, ஒட்சிசன் தாராளமாக இருக்கிறது என்றார்கள். போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனார்கள், முடிவு வர ஒரு மாதமாம். தண்ணீரில் குறையில்லையென்றால் நஞ்சுதானே? ஊருக்கு வேறென்ன வேண்டும்.

"பதினொரு மணிக்கு வந்தா தண்ணி நல்லாத்தான் இரிக்கும்" என்று றுஸ்தா பல்லைக் கடித்தாள். பகலில் பாசி வெயிலைத் தின்று ஒட்சிசனைத் தண்ணீருக்குக் கொடுக்கும். பொழுது பட்டால் அதே பாசி மூச்சை உள்ளே இழுக்கும். அடியில் அழுகிக் கிடக்கும் பாசியும் சேறும் மிச்சத்தைக் குடிக்கும். விடியப்போகிற வெள்ளாப்பு நேரம் மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. நஞ்சு தேவையில்லை, மூச்சு முட்டியே சாகும்.

புதன்கிழமை சுபஹுப் பாங்கு சொல்லும்போது அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். முர்ஷித் கரையில் வெளிச்சம் பிடித்தான். ஒரு போத்தல் நிறைத்து, ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்கிய, ஒட்சிசனைக் காட்டும் இரண்டு திரவத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டாள். பால்போல வெள்ளையாகப் படிந்தது. ஒட்சிசன் துப்புரவாக இல்லை. மத்தியானம் இன்னொரு போத்தல் பிடித்தாள். அது கடும் கபில நிறமாகப் படிந்தது, ஒட்சிசன் நிறைய இருந்தது. இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு பின்னேரம் அசருக்குப் பிறகு போடியார் வீட்டுக்கு நடந்தாள்.

போடியார் போத்தல்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "வெள்ளாப்புத் தண்ணி இவ்வளவு சுத்தமா இரிக்கே. இந்த மத்தியானத் தண்ணியிலதான் என்னமோ ஊத்தை கிடக்கு."

"இல்ல போடியார், வெள்ளைதான் பழுது. மருந்து விட்டா அப்பிடித்தான் காட்டும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். போடியாரின் முகம் மாறிவிட்டது. அந்த ஊரில் மருந்து என்றால் வயலுக்கு அடிக்கிற நஞ்சு.

"மருந்தா? அப்ப உங்கட வீட்டுல மருந்து இரிக்கி. களப்புத் தண்ணிக்குள்ளயும் விட்டிரிக்கீங்க."

எத்தனையோ சொன்னாள். வாசலில் நின்ற நாலு பேர் காதில் மருந்து என்ற ஒரு சொல்தான் ஏறியது. வேறு பெண்ணென்றால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். றுஸ்தா போத்தல்களை மறுபடி துணியில் சுற்றினாள்.

"சரி, போத்தல விடுங்க. நாளைக்கு அசருக்கு ஒரு மூங்கில் கரப்புக் கூடைக்குள்ள உயிர் மீன் விட்டுக் களப்புல வைப்பம். உங்கட ஆளே காவல் இரிக்கட்டும். எங்கட ஆள் பள்ளியில, உங்கட கண்ணுக்கு முன்னால படுக்கட்டும். சுபஹு தொழுதிட்டு எல்லாரும் நேரே களப்புக்கு வாங்க. மீன் சுகமா இருந்தா சத்தியமும் வேணாம், நாங்க சங்கத்த விட்டே போறம்."

போடியார் தாடியைத் தடவினார். பொய்க்காரி இப்படிப் பந்தயம் கட்டமாட்டாள் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். "சரி புள்ள" என்றார்.

அன்றிரவு முர்ஷித் கேட்டான், "பாசி எங்கால வந்ததாம் எண்டு கேட்டா என்ன சொல்லப் போறாய்?"

எங்கே இருந்து வந்ததென்று இரண்டு பேருக்கும் தெரியும். அரசாங்கம் பசளையைத் தடுத்து, பயிர் மஞ்சளித்த அந்த வருசங்களின் பயம் ஊருக்கு இன்னும் போகவில்லை. இந்தப் போகம் யூரியா கிடைத்ததும் வயல்வட்டை முழுக்க அள்ளி வீசினார்கள். நாவிதன்வெளிப் பக்கம் அவளுடைய சீதனக் காணிக்கு முர்ஷித் நாலு மூடை போட்டான். அடுத்த நாளே மழை.

"என்ட குற்றம் இல்லையெண்டு தெரிஞ்சா போதும். மத்ததச் சொல்லாத புள்ள" என்றான் அவன். அவனுக்காக அவளுக்குப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சுபஹு முடிந்து ஐம்பது அறுபது பேர் தொப்பியோடு களப்புக் கரைக்கு வந்தார்கள். வானம் அப்போதுதான் வெளுத்தது. காவல் இருந்த ஜவுபர், போடியாரின் சொந்த மருமகன், ஒரு குஞ்சு குருமான்கூடக் கிட்ட வரவில்லை என்றான். கரப்பைத் தூக்காமலே தெரிந்தது. இறால்கள் மூங்கிலில் தொற்றித் தண்ணீருக்கு வெளியே ஏறியிருந்தன. மணலைகளில் பாதி செத்துவிட்டன, மீதி மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. கரப்புக்கு வெளியேயும் களப்பு முழுக்க வாய்கள்.

போடியார் அதிக நேரம் பார்த்தார். பிறகு முர்ஷித்தின் தோளில் கை வைத்தார். "சத்தியம் வேணாம் மனே. தோணிய இறக்கு. எங்களப் பொறுத்துக்க."

முர்ஷித்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் போடியார் பச்சைத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்து, "அப்ப இந்தப் பாசிக்கு ஆரு தீன் போட்ட?" என்று கேட்டார்.

முர்ஷித் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்றது அந்தப் பார்வை. இப்போது வாயை மூடினால் அடுத்த போகமும் மீன் சாகும், அடுத்த போகமும் ஒருத்தன் பள்ளிக்கு இழுபடுவான்.

"இவருதான் போட்ட" என்றாள் றுஸ்தா.

அத்தனை தொப்பியும் முர்ஷித்தின் பக்கம் திரும்பின.

"களப்புக்குள்ள இல்ல, வட்டைக்குள்ள. ரெண்டு மூடை போதுமான காணிக்கு நாலு மூடை யூரியா. போடச் சொன்னது நான், இவரில பிழையில்ல. மழை கழுவி, வடிச்சல் வாய்க்காலால அவ்வளவும் இஞ்ச வந்து சேந்த. பயிரத் தின்ன வைக்கிற பசளை பாசியையும் தின்ன வைக்கும். இது ரெண்டு ஏக்கர்ர கணக்கு. உங்கடது நாப்பது ஏக்கர், போடியார்."

யாரோ பின்னால் இருமினார்கள். வயல்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள். போடியாரின் முகம் கறுத்தது, அவர் கத்தப்போகிறார் என்றுதான் றுஸ்தா நினைத்தாள். நினைத்தும் ஓரடி பின்வைக்கவில்லை.

போடியார் கையை உதறிச் சாரத்தில் துடைத்தார்.

"ஜவுபர், வட்டைக்காரர் எல்லாருக்கும் சொல்லு. ஜும்ஆவுக்குப் பிறகு ஒருத்தரும் போகப்படாது" என்றார். "எத்தின மூடை போட்டெண்டு பள்ளியில நிண்டு சொல்லணும். முதல்ல நான் சொல்றன்."