மலைக்குக் கேட்ட தாளம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆட்டக் குழு என்று ஒன்று இருந்ததே இல்லை. பெரிய வகுப்பு அக்காமார் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் ஆடத்தான் ஆளில்லை. ஓ.எல். சோதனை, டியூசன், வெட்கம் என்று அவர்களுக்கு ஆயிரம் வேலை. அதனால் தொண்ணூற்றெட்டாம் வருஷம் தமிழ்த் தினப் போட்டிக்கான கடிதத்தை அதிபர் வகுப்பு வகுப்பாக வாசித்துக்கொண்டு வந்தபோது, எட்டாம் தரத்தில் இருந்த நான் எழுந்து, "சேர், குழு நடனத்துக்கு நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டேன். நாங்கள் என்றால் யார் யார் என்று அப்போது எனக்கே தெரியாது.

அதிபர் சுந்தரலிங்கம் சேர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சந்திரகாந்தா, ஒனக்கு ஆடத் தெரியுமா?"

"பழகிக்குவோம் சேர்."

"யாரு பழக்குவா?"

"நாங்களே சேர்."

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், பிறகு வாய் நீளும். "சிரிக்கிறவங்க வந்து ஆடட்டுமே சேர்" என்றேன். சிரிப்பு அடங்கியது. சேருக்கும் என்னை உட்கார வைக்க வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது.

"சரி. எட்டுப் பேரைச் சேர்த்துக் காட்டு. ஆனா ஒன்னு, பாட நேரத்துல சத்தம் கேக்கக் கூடாது. வெளியில இருந்து ஒரே ஒரு முறைப்பாடு வந்தாலும் குழு அன்னைக்கே கலைஞ்சிரும். வெளங்குச்சா?"

நன்றாகவே விளங்கியது. எங்கள் மண்டபத்தில் வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஆறாம் தரத்தில் யாராவது தும்மினால் ஒன்பதாம் தரம் திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் சத்தமில்லாமல் ஆடப் பழக வேண்டும்.

முதலில் சேர்ந்தவள் ஸக்கியா. றத்தோட்டை பஸாரில் என் அப்பாவின் தையல் கடைக்குப் பக்கத்தில்தான் அவளுடைய வாப்பா சாலிஹ் நானாவின் மிளகு, கராம்பு கடை. "மேடைல ஏற வாப்பா உடமாட்டாங்க. ஆனா நீங்க ஆடக்குள்ள நான் எண்ணுறேன்" என்றாள். எண்ணுவதற்கு ஓர் ஆளா என்று நினைத்தேன். இரண்டே நாளில் அவள் இல்லாமல் எங்களுக்குக் கால் நகராது என்று ஆகிவிட்டது. காலையிலிருந்து மாலைவரை கராம்பு நிறுக்கிற வீட்டுப் பிள்ளை, அரை அடி பிசகினாலும் பிடித்துவிடுவாள்.

அடுத்தவள் இலட்சுமி. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வருகிறவள். பேசுவது குறைவு, ஆனால் அவளுடைய விரல்கள் எந்நேரமும் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். அவளுடைய அப்பா அழகையா தோட்டத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் தப்பு அடிக்கிறவர் என்று யாரோ சொல்லக் கேட்டு, நான் வகுப்பு நடுவில் நின்று, "ஏய் இலட்சுமி, ஒங்க அப்பா தப்பு அடிப்பாராமே!" என்று சந்தோஷமாகக் கத்தினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தப்பு அடிக்கிற குடும்பம் என்றால் சில வீடுகளில் தண்ணீர்க் கோப்பையைக்கூட வேறாக வைப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் வாய்க்கு எப்போதும் அறிவு ஒரு நாள் பிந்தித்தான் வந்து சேரும்.

மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "ஒங்களுக்கு அடிக்க ஆள் வேணும்தானே?" என்று கேட்டாள். நான் கட்டிப்பிடித்தேன். அவள் அடிப்பாள் என்று தெரிந்ததும் இரண்டு பிள்ளைகளை அவர்களுடைய அம்மாமார் நிறுத்திவிட்டார்கள். போனால் போகட்டும் என்று ஏழாம் தரத்தில் இரண்டு பேரைப் பிடித்து, என்னோடு ஆடுகிறவர்கள் கணக்கை மறுபடி எட்டாக்கினேன்.

இடைவேளைகளில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு உடைந்த மேசையைப் போட்டு, இலட்சுமி அதில் தாளம் தட்டினாள். கல்யாணத்துக்கு அடிக்கிற அடியைத் தட்டினாள். எங்களுக்குக் கால் சிக்கியது. ஸக்கியாவே எண்ண முடியாமல் தலையைச் சொறிந்தாள். திருவிழா அடியைத் தட்டினாள், அது இன்னும் மோசம். களைத்துப்போய் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய விரல்கள் தன் பாட்டுக்கு வேறொன்றைத் தட்டின. இரண்டு தட்டு நிதானமாக, பிறகு மூன்று தட்டு ஓட்டமாக. எங்கள் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன.

"இதுதான்டி!" என்று குதித்தேன்.

இலட்சுமி கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, இது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"இது வேற எடத்துல அடிக்கிறது..."

"எந்த எடத்துல அடிச்சா நமக்கு என்ன? ஆட வருதுல்ல? அடி!"

அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். நான் அதற்குள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியாகிவிட்டது. குழுவிலிருந்த தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்வத்தில் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். டவுனில், தையல் மெஷின் சத்தத்தில் வளர்ந்த எனக்கு எல்லாத் தாளமும் ஒன்றுதான்.

இரண்டு கிழமை மேசையிலேயே பழகினோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மேசைப் பலகையில் அது வெறும் தட்டல். உண்மையான தப்போடு ஒரு தரமாவது ஆடிப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் முடியாது. அதனால் ஒரு சனிக்கிழமை காலை இலட்சுமியின் தோட்டத்துக்கே போனோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் நல்ல சமதரை. அவளுடைய அப்பா பெக்டரியில் வேலையாக இருந்தார். இலட்சுமி சொல்லாமல் கொள்ளாமல் தப்பை எடுத்துவந்து, காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டினாள். விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். கணீரென்றது. "இங்க இது வேணாமே" என்று இழுத்தவளை, "ஒரே ஒரு தடவைடி!" என்று அடக்கினேன்.

"ரெடி!" என்றாள் ஸக்கியா. "ஒண்டு, ரெண்டு..."

ஆடினோம். கடவுளே, எப்படி ஆடினோம்! எட்டுப் பேரின் பதினாறு காலும் ஒன்றாக விழுந்தன. நம்மை யாரும் அசைக்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து நிற்பதைக் கண்டேன். நாங்கள் ஆடுவதைப் பார்க்கிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதித்தேன்.

பிறகு ஒரு அலறல் கேட்டது.

தேயிலைக்கு நடுவே ஒருத்தி விழுந்தடித்து ஓடி வந்தாள். தலையில் கூடை இல்லை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு கிழிந்து தொங்கியது. அவளுக்குப் பின்னால் மலையே இறங்கி வந்தது. முன்னால் வந்தவள் வேலம்மா. முழங்காலில் இரத்தம் வழிந்தது, அது அவளுக்குத் தெரியவே இல்லை. நேராக வந்து இலட்சுமியின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"யாருடி? யாரு போனது? கொழும்புல இருந்து ஆள் வந்துருக்கா? சொல்லு! எம்புள்ளையா?"

இலட்சுமியின் கையிலிருந்து குச்சி விழுந்தது. "யாரும் இல்ல பெரியம்மா... யாருக்கும் ஒன்னும் இல்ல... நாங்க ஆட்டம் பழகினோம்."

அது சாவுக்கு அடிக்கிற அடி. தோட்டத்தில் யாராவது செத்தால், அந்த அடி கேட்டவுடன் கொழுந்தைப் போட்டுவிட்டு மலை முழுவதும் இறங்கிவிடும். வேலம்மாவின் மகன் லெட்சுமணன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்தான். அங்கே குண்டு வெடித்து, பொலிஸும் ஆமியும் தமிழ்ப் பொடியன்களை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்த காலம். அவனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

வேலம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. கங்காணி வந்து, அரை நாள் கொழுந்து போச்சு, துரைக்கு யார் பதில் சொல்வது என்று கத்தியதெல்லாம் எனக்குப் பாதிதான் கேட்டது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. இந்தச் சொல்லை அந்த இடத்தில் நினைத்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு முறைப்பாடு அல்ல, மூன்று வந்தன. கங்காணி, தோட்டத் தலைவர், பிள்ளையை நிறுத்திய அம்மாமாரில் ஒருவர். சேர் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"யாரு அடிச்சது?"

இலட்சுமி முன்னால் வந்தாள். எனக்குக் காது சூடாகியது. இந்தத் தடவை என்மேலேயே.

"சேர், அடிச்சது அவ. அடிக்க வச்சது நான். அவ வேணாம்னு ரெண்டு தரம் சொன்னா. நான் கேக்கல."

"உண்மையச் சொன்னது நல்லது. ஆனா குழு கலைஞ்சிருச்சு" என்றார் சேர்.

அன்று மாலை ஸக்கியாவையும் இழுத்துக்கொண்டு வேலம்மாவின் லயத்துக்குப் போனேன். ஸக்கியாவின் உம்மா மஸீனா ஒரு துண்டுத் தொதல் இனிப்புச் சுற்றிக் கொடுத்திருந்தார். நான் வழி முழுக்க மனப்பாடம் பண்ணிய மன்னிப்பு வாசலிலேயே மறந்துபோய், "பெரியம்மா, நான்தான்" என்று மட்டும் சொல்லி அழுதேன்.

வேலம்மா எங்களை உட்கார வைத்து பிளேன்டீ ஊற்றினாள். முழங்காலில் துணி கட்டியிருந்தது. "அழுவாத. ஒனக்கு எப்புடித் தெரியும்? அந்த அடி கேட்டதும் எனக்குத்தான்னு நெனச்சேன். ராப்பகலா அதையேதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன் போல, இல்லாட்டி இத்தன பேர் இருக்கிற மலையில நான் ஏன் மொத ஆளா ஓடுறேன்?"

கோப்பைகளை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "நல்லதுக்கு அடிக்கிற அடி அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்களுக்குத்தான் கால் சிக்குது."

"அப்ப அதப் பழகுங்க. எம்புள்ள வர்ற அன்னைக்கு அடிக்க ஆள் வேணுமில்ல?"

மறுநாள் காலை கொழுந்துக்குப் போகாமல், வெள்ளைச் சேலை கட்டி, நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அதிபர் கதிரை எடுத்துப் போட்டும் உட்காரவில்லை. "சேர், அன்னைக்கு எல்லாரையும்விட எனக்குத்தான் நொந்துச்சு. நானே சொல்றேன், புள்ளைங்க ஆடட்டும்" என்றாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழகையாவிடமும் அவளே போய்ச் சொல்லி, தப்பை வாங்கிக் கொடுத்தாள்.

ஸக்கியா மூன்று நாள் இலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல அடியைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதை ஏழாக எண்ண வேண்டும் என்று கண்டுபிடித்தாள். நாங்கள் முட்டாள்தனமாக எட்டாக எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழாக எண்ணியதும் சிக்கு எல்லாம் கழன்றது. சனிக்கிழமைகளில், கொழுந்து எடுக்கிறவர்கள் மலை ஏறுமுன் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டுத்தான் ஆடினோம். கங்காணிக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னோம்.

மாத்தளைக்குப் போட்டிக்குப் போன அன்று, வழியில் செக்பொயின்டில் எல்லோரையும் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். சாக்கிலிருந்த தப்பைப் பார்த்த ஆமிக்காரன், "மொகத மேக?" என்று சிங்களத்தில் அது என்னவென்று கேட்டான். மேளம் என்பதற்கு ஸக்கியா "பெரயக்" என்றாள். நம்பவில்லை. இலட்சுமி ஒரு சுற்று அடித்துக் காட்டிய பிறகுதான் விட்டான். அப்பா தைத்த பச்சைப் பாவாடையில் மேடையேறினோம். மூன்றாம் இடம் கிடைத்தது. எத்தனை குழு வந்தது என்று யார் கேட்டாலும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மூன்றுதான் வந்தன. ஆனாலும் சேர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார், ஒன்பதாம் தரத்து அக்காமார் நாலு பேர் எங்களிடமே வந்து இடம் கேட்டார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அதற்குப் பிந்திய மூன்றாவது சனிக்கிழமை. போட்டி முடிந்து பழக்கம் நின்றிருந்தது, அழகையாவிடம் தப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் எல்லோரும் போனோம். மடுவத்துக்கு முன்னால் நாங்கள் மேடேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, தோட்டத்து ரோட்டில் ஒருத்தன் ஒரு சொப்பிங் பேக்கோடு ஏறி வந்தான். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "லெட்சுமணண்ணே!" என்றாள். கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு இல்லை என்று பிடித்து உள்ளே வைத்திருந்தார்களாம். முந்தாநாள்தான் விட்டார்களாம்.

"அம்மா எங்க?" என்று கேட்டான்.

மலையைக் காட்டினோம். மேலே உச்சிக்குப் பக்கத்தில் பெண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பாவாடையைத் தூக்கிச் சொருகினேன். வழக்கமாக என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத இலட்சுமி என் கையைப் பிடித்தாள்.

"ஓடாத. நீ ஓடி வர்றதப் பாத்தா பெரியம்மா வேற மாதிரி நெனச்சிரும். இரு, நான் சொல்றேன்."

தப்பைச் சூடு காட்டினாள். இந்தத் தடவை யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. முதல் அடி விழுந்ததும் மலையில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. பிறகு ஏழும் ஓடிப் பிடித்துக்கொண்டன. ஸக்கியா எண்ணத் தொடங்கினாள். ஒருவரும் சொல்லாமலே நாங்கள் எட்டுப் பேரும் ஆடத் தொடங்கினோம்.

மேலே ஒருத்தி மட்டும் அசையாமல் நின்றாள். ஒரு சுற்று முழுவதும் கேட்டாள். அப்புறம் அவளுடைய கூடை விழுந்து உருண்டது, கொழுந்தெல்லாம் சிதறியது. அன்றைக்கு வந்த அதே பாதையில், அதே மாதிரி விழுந்தடித்துக்கொண்டு வேலம்மா ஓடி வந்தாள். லெட்சுமணன் பேக்கைப் போட்டுவிட்டு மேலே ஓடினான்.

பாதிப் பாதையில் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டது எங்களுக்குத் தெரிந்தது. எனக்குக் கண் மறைத்து, கால் இரண்டு தரம் பிசகியது. ஸக்கியா திட்டவில்லை, அவளே அழுதுகொண்டுதான் எண்ணினாள். இலட்சுமி மட்டும் கையை நிறுத்தவே இல்லை. அவர்கள் இறங்கி மடுவத்துக்கு வந்து சேரும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள், நடுவில் நிறுத்தினால் பெரியம்மா பயந்துவிடுவாள் என்று.