போடிக்கு இறங்கிய பூந்தொட்டி

மலைமேல் எஸ்டேட் பங்களாவில் அமாவாசை என்பவன் தோட்டக்காரன். மற்ற நேரத்தில் வாயை வைத்துப் பிழைப்பவன். அவன் சொல்வதில் பாதியை ஊர் நம்பாது, மீதியை அவனே நம்பமாட்டான்.

அவன் மனைவி வேலுத்தாய் மலைக்காய்ச்சல் முற்றி, போடியில் தங்கை வீட்டில் கிடந்தாள். ஏலக்காய் மூட்டையை அங்கே இறக்கிவிட்டு மலையேறி வந்த வீரையா சேதி சொன்னான்.

"வைத்தியர் கையை விரிச்சுட்டாருண்ணே. மதினி ஒண்ணுதான் கேட்டுச்சு. அது தண்ணி ஊத்துன செவப்புப்பூ பூத்துருச்சான்னு."

பூத்திருந்தது. ஒன்பது கொத்து. துரைசாணியிடம் கெஞ்சித் தொட்டியோடு வாங்கிக்கொண்டு விடியலில் கிளம்பினான். தொட்டிக்கு ஈரச்சாக்கு சுற்றி, தன் கம்பளியைப் பூவுக்குப் போர்த்திவிட்டு, தான் பனியில் நடுங்கிக்கொண்டு நடந்தான்.

போடிமெட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஏலக்காய் உலர்த்தும் புகைவீட்டில் சோணை அடுப்பெரித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள கொண்டாப்பா. காயையே வருசம் பூரா பச்சை மாறாமக் காக்குற அறை. பூவை ஒருநா காக்காதா?"

பத்து வருடம் செடி வளர்த்த மேதாவிக்கு அது நியாயமாகவே பட்டது. புகைக்கு நடுவே பூவை வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்து வெற்றிலை போட்டான். மழைவிட்டு எடுக்கப் போனபோது ஒன்பது கொத்தும் உதிர்ந்து தரை சிவந்திருந்தது. இரண்டு மொட்டு மிச்சம்.

"வெரசாப் போயிருவோம், சாமிகளா," என்று மொட்டுகளிடம் கெஞ்சியபடி இறங்கினான். மறுநாள் உச்சிவெயிலில் போடி சேர்ந்தபோது அவையும் கருகியிருந்தன.

வேலுத்தாயை வாசல் வேம்படியில் கட்டிலில் போட்டிருந்தார்கள். தொட்டியைப் பார்த்தாள்.

"பூ எங்கய்யா?"

"பாதிவழியில எறங்கிக்கிருச்சு. நான்தான் விடாம வந்துட்டேன்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரமானது.

"நெசமாப் பூத்துச்சா?"

"ஒம்பது கொத்து. துரைசாணிக்கே பொறாமை."

"எனக்காகப் பொய் சொல்றீக," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வாழ்க்கையில் ஒருதரம் உண்மை பேசினான். சாட்சிக்கு நீட்ட ஒரு இதழ் இல்லை.

வெயில் நகர நகர, கட்டிலை நிழலுக்கு இழுத்தான், பிறகு தொட்டியை. மறுபடி கட்டில், மறுபடி தொட்டி. பொழுது சாய்ந்ததும் வாசல் முழுக்க நிழலாகிவிட்டது. அவனுக்குச் செய்ய ஒரு சோலியும் மிச்சமில்லை.