ஆதி மனிதர்களின் லயம்

பெரகல சந்தியில் மஹ்ரூப் முதலாளியின் மின்சாமான் கடை வாசலில் இருந்த பெரிய டீவியில் எந்நேரமும் எலும்புகள் ஓடிக்கொண்டிருக்கும். எலும்பு இல்லாவிட்டால் எரிமலை. எரிமலையும் இல்லாவிட்டால் செவ்வாய்க் கிரகத்து மண்ணில் தத்தித் தத்திப் போகும் ஒரு வண்டி. முதலாளிக்கு விஞ்ஞானத்தில் ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"பாட்டுப் போட்டா பஸ்ஸுக்கு நிக்கிற அத்தனை பேரும் உள்ளுக்கு வந்துருவாங்க. ஒருத்தன் ஒரு பல்பு வாங்க மாட்டான். இதைப் போட்டுப் பாரு புள்ள, ஈ காக்கா வராது. படமும் பளிச்சுண்டு ஈக்கி," என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் விதுஷாவிடம் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டுப் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி', 'சொல்லு' என்பது 'செல்லு'.

அவர் சொன்னது சரிதான், ஒருவரும் வரவில்லை. தூசி தட்டும் துணியோடு நின்றபடி அதைப் பார்த்த ஒரே ஆள் விதுஷா.

அவளுக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். முதலில் வாசிப்புப் பாடம் உள்ள நாட்களில் போகாமல் இருந்தாள். பிறகு மழை நாட்களில். அந்த மலையில் மழை இல்லாத நாள் எத்தனை இருக்கும்? கடைசியில் பார்த்தால், போகாத நாட்களே வழக்கமாகிவிட்டிருந்தன.

கடையில் பேச வேண்டிய அவசியம் அதிகமில்லை. விலை எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. ஆனால் நாள் முழுக்கப் பார்த்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒருவரிடமும் "சாப்பிட்டேன்" என்று சொல்ல முடியாததுபோல் இருந்தது. ஒருநாள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். ரெங்கம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மனுசங்க எல்லாரும் ஆப்பிரிக்காவுல இருந்துதான் வந்தாங்களாம்."

"யாரு சொன்னா? நம்ம ஆளுங்க திருச்சிப் பக்கம்டி. உங்கப்பா கொழும்புக்கே வருசம் ஒருக்காதான் போயிட்டு வாராரு. ஆப்பிரிக்காவுக்கு யாரு போனது? உப்பை எடு."

விதுஷா உப்பை எடுத்துக் கொடுத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

முதலாளியின் மகள் ஷம்ரா பதுளையில் மாமி வீட்டில் தங்கி, உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவாள். வீடு கடைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் மேலே போனில் சிக்னல் கிடையாது. கடையில் ரைஸ் குக்கர் அடுக்கியிருந்த மூலையில் மட்டும் இரண்டு கோடு வரும். அதனால் பின்னேரம் முழுக்க அந்த மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். நான்கு மாதமாக விதுஷா ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடம் சொல்ல ஒரு வசனத்தைத் தயார் செய்தாள். நான்கு மாதமும் அது தொண்டைக்குள்ளேயே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை ஷம்ரா புத்தகத்தை மூடிப் போட்டாள். "சயன்ஸ் டேக்குப் பேசணும். மனிதனின் தோற்றம். ஒண்டும் மண்டையில ஏறுதில்ல," என்று ரைஸ் குக்கர்களிடம் முறையிட்டாள்.

"அந்தக் காலடித் தடத்தைப் பத்திச் சொல்லலாங்க."

சொன்னது தன் குரல்தான் என்று விதுஷாவுக்கே பிறகுதான் தெரிந்தது.

"எந்தத் தடம்?"

"எரிமலைச் சாம்பல் விழுந்து கிடக்குங்க. அது மேல மழை தூறுது. அந்த ஈரத்துல நடந்து போறாங்க. அது அப்படியே இறுகிருச்சு. முப்பத்தாறு லட்சம் வருசம். பெரிய காலடி ஒண்ணு, பக்கத்துல சின்னது ஒண்ணு. சின்னது பெரிசை விட்டு விலகவே இல்லீங்க."

ஷம்ரா போனை மடியில் வைத்தாள். "நீ எங்க படிச்சாய் இதெல்லாம்?"

"இங்கதாங்க. தொடச்சிக்கிட்டே."

ஷம்ரா சிரித்தாள். கூடச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு அது. அன்றைக்கும் அடுத்த சனிக்கிழமையும் விதுஷா பேசினாள். பதினேழு வருடமாகப் பேசாததெல்லாம் வரிசையில் நின்று வெளியே வந்தன. வீட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் அவள் அடுத்த வாரத்துக்கான பேச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டே நடந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை, எல்லாவற்றிலும் பெரிதென்று ஒளித்து வைத்திருந்ததை எடுத்தாள்.

"அந்தக் காலத்து ஆளுங்க லயத்துலதான் இருந்தாங்கங்க."

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு அவள் பிறந்ததிலிருந்து லயம் என்றுதான் பேர். ஒரே தகரக் கூரை, காம்பரா என்கிற பத்து அறை, பத்து அடுப்பு. அன்றைய நிகழ்ச்சியில் நீளமான ஒரு பாறையைக் காட்டினார்கள். ஒரே கூரைபோல் அது முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே வரிசையாக அடுப்புக் குழிகள். விளக்கம் சொன்ன குரலை மலையேறிய லொறி ஒன்றின் ஹோர்ன் பாதி விழுங்கிவிட்டது. மீதி காதில் விழுந்தது: "…லயத்தில் வாழ்ந்தார்கள்." தங்கள் சொல் அவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று அன்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"லயமா?" என்றாள் ஷம்ரா.

"ஆமாங்க. டீவியிலயே சொன்னாங்க. ஒரே கூரை. காம்பராவுக்கு ஒரு அடுப்பு."

ஷம்ரா ஒரு நொடி யோசித்தாள். பிறகு சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அல்லாஹ்! அது 'இயற்கையின் லயம்' விதுஷா! லயம் எண்டா தாளம், ரிதம்! வாப்பா, இங்க கேளுங்களேன், ஆதி மனுசன் லயத்துல ஈந்தானாம்! கங்காணியும் ஈந்தாரா விதுஷா? விடிய வேலைக்கு எழுப்பி பெரட்டுக்களத்துல வரிசையா நிப்பாட்டிப் பேர் கூப்பிட்டாரா?"

முதலாளியும் சிரித்தார். விதுஷாவும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் அழவேண்டியிருக்கும் என்பதால். ஒரு சொல் பிழையாகிப் போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் அந்தப் பாறையின் கீழ் கடைசிக் காம்பராவை மனதுக்குள் தனக்கென்று எடுத்துவைத்திருந்தாள். இருட்டிய பாதையில் நடக்கும்போது அங்கேதான் போய் உட்காருவாள். பக்கத்துக் காம்பராவில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். இனி அங்கே போக முடியாது.

அந்த வாரம் முழுக்க முதலாளி வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். மனதில் கெட்ட எண்ணம் வைத்துச் சொன்னதல்ல. ரிமோட் வாங்க வந்த அழகர், விதுஷாவின் லயத்திலேயே மூன்றாம் காம்பராக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு, "புள்ள சொல்றது சரியாத்தான் இருக்கும் முதலாளி. நம்ம கூரை ஒழுகுறதைப் பாத்தா அந்த ஆளுங்க போட்ட கூரை மாதிரிதான் தெரியுது," என்றார். கடையே சிரித்தது. விதுஷா டோர்ச் லைட் பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே சாமான் அடுக்கும் ராக்கைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் டீவிக்கு முதுகைக் காட்டியே வேலை செய்தாள். ஆனால் காதைத் திருப்பி வைக்க வழியில்லையே.

அடுத்த சனிக்கிழமை ஷம்ரா வந்து இறங்கும்போது சந்தி முழுக்கப் பனிமூட்டம். நான்கு மணிக்கே பஸ்கள் லைட் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. முதலாளி பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.

"சயன்ஸ் டே பேச்சு நல்லா இல்ல," என்றாள் ஷம்ரா, பையைக்கூட இறக்காமல். "'புத்தகத்தில ஈக்கிறதை நாங்களும் வாசிப்போம் மகள்' எண்டு டீச்சர் செல்லிட்டாங்க. நீ செல்ற மாதிரி எனக்குச் செல்ல வருதில்ல."

விதுஷா அயர்ன் பெட்டியின் வயரைச் சுற்றினாள்.

"இண்டைக்கு என்ன காட்டினாங்க?"

"பாக்கலீங்க."

"போன கிழமை சிரிச்சதுக்குக் கோவமா?"

"இல்லீங்க."

ஒவ்வொரு 'ங்க'வும் கதவுக்குப் பின்னால் இழுத்து வைத்த பெட்டி மாதிரி இருந்தது. ஷம்ரா மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள், பார்க்காமலே மடியில் வைத்தாள். "எனக்குச் சிரிப்பு வந்திச்சு, சிரிச்சிட்டேன். அவ்வளவுதான்," என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படியில் ஏறிப் போய்விட்டாள்.

சிக்னல் இல்லாத வீட்டுக்கு. யாரும் இல்லாத வீட்டுக்கு. அவளுடைய உம்மா வெலிமடையில் கலியாண வீட்டுக்குப் போயிருந்தது விதுஷாவுக்குத் தெரியும்.

கடையில் டீவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. இப்போது போகாவிட்டால் அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை கடைப்பக்கம் வரமாட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரமாட்டாள். பள்ளிக்கூடம் நின்றுபோனதும் இப்படித்தான், யாரும் நிறுத்தாமல். விதுஷா வயரை வைத்துவிட்டுப் படியடிக்குப் போனாள். மரப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷம்ரா!"

'ங்க' போடாமல் கூப்பிட்டுவிட்டாள். மேலே ஒரு கதவு திறந்தது.

"என்ன?"

"புதன்கிழமை காட்டினாங்க. பாக்கல, கேட்டேன். ஒரு குகையில தோண்டிப் பாத்தா, செத்துப்போன ஆளுங்களை அடுப்புப் பக்கத்துலயே புதைச்சிருக்காங்க. வெளிய அவ்வளவு காடு கெடக்கு. ஆனா கொண்டுபோகல."

"ஏன்?"

"தனியா இருக்கக் கூடாதுன்னு. ராத்திரியில இவங்க பேசுற சத்தம் அவங்களுக்குக் கேக்கணும்னு."

விதுஷா சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். கைப்பிடி ஈரமாகிவிட்டது.

"அப்படியா செல்லினாங்க டீவியில?"

"இல்ல. ஏன்னு யாருக்கும் தெரியாதுன்னுதான் சொன்னாங்க." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "இது நான் சொல்றேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷம்ரா நாலைந்து படி இறங்கி வந்து, நடுவில், இருட்டாயிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். கீழேயும் வரவில்லை, சிரிக்கவும் இல்லை.

"ம்," என்றாள். "செல்லு."